அகழிக்குள் மூழ்கிய கோட்டை

காட்பாடியில் இருக்கும் அக்கா மகள், பள்ளியில் காட்டுவதற்காக வேலூர்க் கோட்டையைப் பற்றி பவர்பாயிண்டில் ஸ்லைடு செய்துகொண்டிருந்தாள். முதலில் கோட்டைப் படத்தை வைத்தாள். அப்புறம் அகழிக்காக நீல நிறத்தில் பெரிய கட்டம் ஒன்றைப் போட்டாள். உடனே ஒரு கத்தல்: "மாமா, கோட்டை முழுகிப்போச்சு!"

படம் எங்கேயும் போகவில்லை. ஸ்லைடு என்பது உண்மையில் ஒரு பட்டியல். அதில் உள்ள வரிசைப்படி கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு போகும். பிறகு வரைவது முதலில் வரைந்ததை மறைக்கும். கட்டத்தை ரைட் கிளிக் செய்து 'சென்ட் டு பேக்' கொடுத்தோம். கட்டம் இம்மிகூட நகரவில்லை, பட்டியலின் தொடக்கத்துக்குப் போனது, அவ்வளவுதான். கோட்டை மேலே வந்துவிட்டது.

சரி, மவுஸால் இழுத்து நகர்த்தும்போது? இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம், மேல் ஓரத்திலிருந்து எவ்வளவு, அகலம், உயரம் என்று ஒவ்வொரு படத்துக்கும் நான்கு எண்கள் உண்டு. இழுத்தால் முதல் இரண்டு மட்டும் மாறும். கிராஃப் தாளில் மேலே போகப் போக எண் கூடும். இங்கே கீழே இறங்கினால்தான் கூடும்.

அந்த எண்களை எழுதும் அலகுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அங்குலத்துக்கு 9,14,400 கூறு. அப்படியானால் ஒரு செ.மீ. 3,60,000, எழுத்தளவில் வரும் ஒரு பாயிண்ட் 12,700. எல்லாமே முழு எண்! 0.1 போன்ற சாதாரணத் தசம எண்கூடக் கம்ப்யூட்டரின் இரும எண் முறையில் துல்லியமாக அடங்காது. முழு எண்ணுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அகலத் திரை ஸ்லைடின் அகலம் 1,21,92,000. பத்து செ.மீ. படத்தின் 36,00,000-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் 42,96,000. 'அலைன் சென்டர்' கொடுத்தால் படம் அங்கேதான் போய் நிற்கும்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றையும் கீழே வரிசையாக வைத்து, 'டிஸ்ட்ரிபியூட் ஹாரிசான்டலி' கொடுத்தாள். ஓரத்துப் படங்கள் இரண்டும் அசையவில்லை, நடுவில் இருந்த மசூதி மட்டும் நகர்ந்தது. ஆனால் ஸ்லைடின் நட்ட நடுவில் இல்லை, கொஞ்சம் வலப்பக்கம். இடப்பக்கக் கோயில் படம் மற்றவற்றைவிட அகலம். கட்டளை சமமாக்குவது படங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை. ஸ்கேலைத் திரையில் வைத்து இரண்டு இடைவெளியையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் அவள் ஒப்புக்கொண்டாள்.