டாலர்: சங்கிலியில் தொங்கும் ஒரு சொல்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையில் ‘டாலர்’ என்று கேட்டால் சங்கிலியில் கோக்கும் வில்லையை எடுத்து வைப்பார்கள். முருகன் டாலர், எழுத்து டாலர், இதய டாலர். ஏற்காட்டுப் பெரணி இலையை அப்படியே வெள்ளியில் வார்த்த கலை நகைக்கும் அதே பெயர்தான்.

சொல்லின் பிறப்பிடம் பொஹீமியாவின் வெள்ளிச் சுரங்க ஊரான யோவாக்கிம்ஸ்தால். இன்று செக் குடியரசில் இருக்கிறது. ஜெர்மனில் ‘தால்’ என்றால் பள்ளத்தாக்கு. 1520 வாக்கில் அங்கே அடித்த வெள்ளி நாணயம் யோவாக்கிம்ஸ்தாலர். அது தேய்ந்து தாலர் ஆனது, ஆங்கிலத்துக்குப் போய் டாலர் ஆனது. சுமார் 28 கிராம் எடையுள்ள மரியா தெரேசா தாலரை, அந்த ஆஸ்திரிய அரசி 1780இல் இறந்த பிறகும் அதே ஆண்டைப் பொறித்தே அடித்துவந்தார்கள். எத்தியோப்பியாவிலும் அரேபியாவிலும் அதை வளையம் வைத்துக் கழுத்தில் அணிந்தார்கள்.

நம்முடைய ‘காசு’ எதிர்த்திசையில் வந்த சொல்: முதலில் நகை, பிறகு பணம். குறுந்தொகை 67ஆம் பாட்டில், பிரிந்துபோனவன் நம்மை நினைக்கமாட்டானா என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். அவன் கடந்துபோன காட்டில் கிளியின் அலகில் வேப்பம்பழம். புது நூலில் கோக்கப் பொற்கொல்லன் நகநுனியில் பிடித்த பொற்காசு போல இருக்கிறதாம். இயற்கையும் இழப்பும் பேசும் நகை என்று இன்று சொல்வதெல்லாம் அதிலேயே இருக்கிறது!

டாலருக்குச் சரியான சொல் பதக்கம். சமஸ்கிருதப் ‘பதக’த்திலிருந்து வந்ததென்றாலும் தமிழில் ஊறிவிட்டது. விளையாட்டு மெடலும் பதக்கம்தானே என்பார்கள். இடம் பார்த்தால் குழப்பமில்லை. ‘லாக்கெட்’ வேறு: பிரெஞ்சில் தாழ்ப்பாளைக் குறித்த சொல், ஆகவே திறந்து மூடுவது மட்டுமே லாக்கெட். இறந்தவரின் முடியை வைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு உண்டு. ‘மூடிப் பதக்கம்’ எனலாம்.

இலைப் பதக்கத்தில் இலையே மாதிரி: அதைச் சுற்றி ஜிப்சம் கலந்த வார்ப்புப் பொடிக் குழம்பை ஊற்றி அச்சாக இறுகவைத்து, சூளையில் இலையை எரித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் வெள்ளியை ஊற்றுவார்கள். இலையை முதலில் ஈரமில்லாமல் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் சூளையில் ஆவியாகி அச்சைக் கெடுக்கலாம். வெறும் இலை மிக மெல்லியது, வெள்ளி ஓடி நிரம்பாது. அதனால் உருக்கிய மெழுகைப் பூசிக் கனத்தை 1 மி.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பூசுவது மேல்பக்கத்தில். நரம்பு புடைத்திருப்பது அடியில். பெரணியின் வித்துப் பொட்டுகளும் அங்கேதான், வார்த்தபின் வரிசையாகக் குருமணிபோல் எழும்பும்.

100 கிராம் வார்ப்புப் பொடிக்குத் தண்ணீர் சுமார் 40 கிராம். அச்சு இறுகியதும் மெதுவாகச் சூடேற்றி, 730 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் சாம்பல் தங்கி வெள்ளியில் குழி விழும். அதற்காகச் சூட்டை மேலே ஏற்றினாலும் வம்புதான்: பொடியிலுள்ள ஜிப்சம் சிதைந்து கந்தக வாயு விடும், ஊசித் துளைகள் வரும். வெள்ளிக் கணக்கு, மெழுகு 1 கிராமுக்குச் சுமார் 10.5 கிராம், இலைக்குத் தோராயமாக இதே கணக்கைப் போட்டு, உருகிய வெள்ளி அச்சுக்குள் பாயும் வழியில் நிற்கும் தண்டுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

மூல இலை எரிந்துபோகிறது. வார்ப்பு தவறினால் அந்த இலை திரும்பி வராது. இறந்தவர் நட்ட மரத்து இலை என்று ஒருவர் கொண்டுவந்தால், அதே மரத்தின் வேறு இலையில் முதலில் வார்த்துப் பார்ப்பதே முறை. இல்லையென்றால் சிலிக்கோன் அச்செடுத்து மெழுகுப் படி எடுக்கலாம். நுண்மை கொஞ்சம் குறையும்.

வளையம் பற்றவைக்கும் முன் நூலில் தொங்கவிட்டு எடை மையம் பார்க்க வேண்டும். காம்பிலேயே வைத்தால் அகன்ற இலை சாய்ந்து புரண்டுகொண்டே இருக்கும். பின்பக்கம் இரண்டு வளையம் வைத்தால் நிற்கும். வெங்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதும்போது தீயை வளையத்தைச் சுற்றிய இலைப் பகுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நுனிக்குப் போனால் சட்டென்று உருகிவிடும்.

கடைப் பேச்சில் டாலர் இருந்துவிட்டுப் போகட்டும். ரசீதில் மட்டும் ‘92.5 வெள்ளிப் பதக்கம், இலை வார்ப்பு’ என்று எழுதி, சங்கிலி எடையைத் தனியாகப் போடச் சொல்லுங்கள்.