பெயர் மாறியது, எழுத்தின் ஒலியும் மாறியது

ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவில் கிடைத்த கில்வர் கல்லில், கி.பி. 400 வாக்கில் யாரோ 24 ரூன் எழுத்துகளை, அதாவது வட ஐரோப்பாவின் ஜெர்மானிய மக்கள் பயன்படுத்திய பழைய எழுத்துகளை, வரிசையாகச் செதுக்கிவைத்தார். மூத்த ஃபுதார்க் எனப்படும் நெடுங்கணக்கு இது. பின்னாளில் இங்கிலாந்தில் இது வளர்ந்தது: தேம்ஸ் ஆற்றில் 1857-இல் கிடைத்த ஆங்கிலோ சாக்ஸன் கத்தியில் 28 எழுத்துகள் உள்ளன. ஸ்காண்டிநேவியாவிலோ 16 ஆகச் சுருங்கியது.

எண்ணிக்கை மட்டுமல்ல, சில ரூன்கள் குறித்த ஒலிகளும் மாறின. இதற்கு முக்கியக் காரணம் எழுத்துகளின் பெயர்கள். ஒவ்வொரு ரூனுக்கும் ஒரு பெயர் உண்டு; பெயரின் முதல் ஒலியே பெரும்பாலும் எழுத்தின் ஒலி. பேச்சில் பெயர் திரிந்தால் எழுத்தின் ஒலியும் கூடவே நகரும். அகரத்துக்கான ரூனின் பெயர் 'அன்சுஸ்', அதாவது தெய்வம். இங்கிலாந்தில் அது 'ஓஸ்' எனத் திரிந்ததால் அந்த ரூன் ஓகார ஒலிக்குப் போய்விட்டது. அகர வகை ஒலிகளைப் பிரித்தெழுத அதே வடிவிலிருந்து புது ரூன்கள் கிளைத்தன. ஸ்காண்டிநேவியாவில் 'யேரா' என்ற பெயர் முதல் யகரத்தை இழந்து 'ஆர்' ஆனது; யகர ரூன் அகர ரூனாயிற்று!

இதைவிட வியப்பானது 16 எழுத்துகளின் கதை. பேச்சில் உயிரொலிகள் பெருகிய காலத்தில்தான் எழுத்துகள் குறைந்தன. டென்மார்க்கின் யெல்லிங்கில் அரசர் ஹரால்ட் புளூடூத் சுமார் 965-இல் நிறுத்திய கல்லைப் பாருங்கள். அரசரைக் குறிக்கும் 'கொனுங்க்ர்' அதில் 'குனுக்ர்' என்று இருக்கிறது. ஒகரத்துக்கும் உகரத்துக்கும் ஒரே ரூன். ககரத்தின் வன்மையான ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் ஒரே ரூன். இடையில் வரும் மெல்லினத்தை எழுதவே இல்லை.

கப்பல், தங்கம் இரண்டிலும் ஒரே ககரத்தை வைத்துக்கொண்டு நாம் தடுமாறுவதில்லை. சொல்லில் அது நிற்கும் இடமே ஒலியைக் காட்டிவிடும். அன்றைய ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் அந்த வசதி இல்லை. சொல்லின் முதலிலேயே இரண்டு ஒலிகளும் வரும், பொருளும் வேறுபடும். வாசிப்பவர் சூழலைக்கொண்டே ஊகிக்க வேண்டும். சுமார் 760 ரூன்கள் கொண்ட ஸ்வீடனின் ரோக் கல்லுக்கு அறிஞர்கள் இன்றும் வெவ்வேறு பொருள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

16 எழுத்துகளுக்குள்ளும் இரு பாணிகள் இருந்தன. நீள்கிளை ரூன்களில் கோடுகள் முழுமையாக இருக்கும். குறுங்கிளை ரூன்களில் பக்கக் கோடுகள் குறுகியிருக்கும், செதுக்குவது சுலபம்.

1000-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு தீர்வு வந்தது. இகர ரூனில் ஒரு புள்ளி வைத்தால் எகரம். ககர ரூனில் வைத்தால் அதன் மென்மையான ஒலி. புது வடிவம் எதையும் கற்காமலேயே, பழைய ரூன்களைக்கொண்டு வேறுபாடுகளை மீண்டும் எழுத முடிந்தது.