மயில்துத்தக் கரைசல் கருநீலமாவது எப்படி?

கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்களுக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட், அதாவது தாமிர உப்பு) புதிதல்ல. சுண்ணாம்போடு கலந்து, போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியாகத் தெளிப்பார்கள். தர்மபுரிப் பள்ளிகளின் பிளஸ் டூ ஆய்வகத்திலும் அது உண்டு. அந்த வெளிர்நீலக் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் வீழ்படிவு வரும். இன்னும் விட்டால் அது கரைந்து அழகான கருநீலமாகும். ‘தாமிரம் உள்ளது’ என்று எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் நிற்கலாம் என்பது என் ஆசை.

நைட்ரஜனின் வெளிக்கூட்டில் 5 எலக்ட்ரான்கள். அம்மோனியாவில் மூன்று ஹைட்ரஜனோடு பிணைந்துவிட, இரண்டு மிஞ்சுகின்றன. அந்தத் தனித்த இணையைத் தாமிர அயனியின் காலி இடத்துக்குக் கொடுப்பதுதான் பிணைப்பு. தண்ணீரின் ஆக்சிஜனுக்கும் தனித்த இணை உண்டு. ஆனால் ஆக்சிஜன் அதை இறுக்கி வைத்திருக்கும், நைட்ரஜன் எளிதாகக் கொடுக்கும். அதனால் நான்கு அம்மோனியாக்கள் தண்ணீரை விலக்கிவிட்டு உட்காருகின்றன. தாமிரத்தின் டி ஆர்பிட்டல்களுக்கு (அதன் எலக்ட்ரான்கள் உலவும் இடங்களுக்கு) இடையிலான ஆற்றல் இடைவெளி கூடுகிறது. அதனால் முன்பு 800 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் இருந்த ஒளி உறிஞ்சல் 600 பக்கம் நகர்கிறது. ஆரஞ்சும் மஞ்சளும் போய் நீலம் மிஞ்சுகிறது.

இதில் அமிலம் விட்டுப் பாருங்கள், கருநீலம் வெளுத்துவிடும். அம்மோனியா அம்மோனியமாகிறது, மிஞ்சியிருந்த இணையை ஹைட்ரஜன் அயனி பிடித்துக்கொள்கிறது. நைட்ரஜன் இருந்தால் மட்டும் போதாது, அதன் இணை ஓய்வாக இருக்க வேண்டும். யூரியாவில் இரண்டு நைட்ரஜன் இருந்தும் அவற்றின் இணைகளைப் பக்கத்துக் கார்பன்-ஆக்சிஜன் தொகுதி தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அதனால் யூரியா உலோகத்தைப் பெரும்பாலும் ஆக்சிஜன் வழியாகவே பிடிக்கும்.

உலோகத்தைச் சுற்றி அம்மோனியாக்கள் உட்காரும் இந்த அமைப்பை ஆல்ஃபிரெட் வெர்னர் என்ற வேதியியலாளர் கோபால்ட்-அம்மோனியா சேர்மங்களை வைத்து 1893இல் விளக்கினார். எலக்ட்ரான் கண்டறியப்பட்டதே 1897இல்தான்! 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

உலோகத்துக்கு இப்படி இணையைக் கொடுக்கும் மூலக்கூறுகளை ஈனிகள் என்பார்கள். நைட்ரஜன் உள்ள பைபிரிடின் போன்ற ஈனிகள் கொடுப்பதோடு உலோகத்திடமிருந்து எலக்ட்ரானைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளும். எலக்ட்ரான் மிகுந்த உலோகம் நிலைத்து நிற்க அது உதவுவதால், உலோகமும் கார்பனும் பிணைந்த சேர்மங்களை ஆராயும் கரிம உலோக வேதியியலில் அவற்றுக்குத் தனி மதிப்பு.

ஒரே மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் இருந்தால் பிடி இன்னும் இறுகும். ஒரு கை நழுவினாலும் மறு கை விடாது. நிக்கல் ஆறு அம்மோனியாவோடு இணைவதைவிட இரண்டு நைட்ரஜன் கொண்ட எத்திலீன்டையமின் மூன்றோடு இணைவதன் நிலைப்பு மாறிலி (பிடி எவ்வளவு உறுதி என்று காட்டும் எண்) பல நூறு கோடி மடங்கு பெரியது.

ஓசூர் ரோஜாத் தோட்டங்களில் சொட்டுநீரோடு விடும் இரும்புச் செலேட்டும் (பல கைகளால் பிடிக்கப்பட்ட இரும்பும்) இந்த வகைதான். வெறும் இரும்பு உப்பு காரத்தன்மையுள்ள தண்ணீரில் துருபோலப் படிந்துவிடும். செலேட்டில் உள்ள ஈ.டி.டி.ஏ. என்ற ஈனி இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன் கொண்டு இரும்பைப் பிடித்து வைக்கும். ஆனால் மண்ணின் பி.எச். (அமில-காரத்தன்மையின் அளவு) 7ஐத் தாண்டினால் அந்தப் பிடி தளர்கிறது. ஈ.டி.டி.எச்.ஏ. என்ற இன்னொரு ஈனியிலும் இரண்டு நைட்ரஜன்தான். கூடவே இருக்கும் இரண்டு ஃபீனால் ஆக்சிஜன்கள் இரும்பை விடாமல் பற்றுவதால் பி.எச். 9 வரை தாங்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் சுண்ணாம்பு மிகுந்த நிலத்துக்கு அதுவே பொருத்தம்.