அப்பாவின் காரை மகன் ஓட்டினால் பாலிசி செல்லுமா?

"கார் அப்பா பேரில் இருக்கு. நானும் ஓட்டுவேன். பாலிசியில் என் பேரைச் சேர்க்கணுமா?" பாலிசியைப் புதுப்பிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்பது இது. இந்தியாவில் சேர்க்கத் தேவையில்லை. அமெரிக்காவில் வீட்டில் ஓட்டுகிறவர்களின் பெயரையெல்லாம் பாலிசியில் எழுதுவார்கள். அங்கிருந்து திரும்பியவர்களுக்கு அதனாலேயே இந்தச் சந்தேகம் வருகிறது. இங்கே காப்பீடு வண்டிக்கு. பாலிசித் தாளில் ‘டிரைவர்ஸ் கிளாஸ்’ என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும், எடுத்துப் படியுங்கள். யார் ஓட்டினாலும் சரி, விபத்து நடந்த அன்று அந்த வகை வண்டிக்கான லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

காரும் எதிரே வந்தவரும் இப்படிக் காப்பாற்றப்படுகிறார்கள். ஓட்டிய மகனுக்கு அடிபட்டால்?

பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ‘ஓனர் டிரைவர்’ என்ற ஒருவருக்கு மட்டுமே. ஆர்.சி.யில் அவர் பெயர், பாலிசியிலும் அவர் பெயர், அவர் கையில் லைசென்ஸ் என மூன்றும் பொருந்த வேண்டும். மகன் தவணை கட்டுகிறார், கார் அம்மா பெயரில், அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லை என்று வையுங்கள். நம் வீடுகளில் இது சாதாரணம். மகன் ஓட்டிப்போய் புளியமரத்தில் மோதி இறந்தால், அந்த 15 லட்சம் குடும்பத்துக்குக் கிடைக்காது. மூன்றாம் நபர், அதாவது பாலிசிக்கு வெளியே உள்ள பாதிக்கப்பட்டவர், என்ற கணக்கிலும் கேட்க முடியாது: வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பைக் வழக்கில் சொல்லிவிட்டது. தவறு இன்னொரு வண்டியுடையது என்றால் அதன் காப்பீட்டாளரிடம் கேட்கலாம்.

எனவே பெயர் சேர்க்க வேண்டிய இடம் இதுதான். பாலிசியிலேயே ‘பெயர் குறிப்பிட்ட நபருக்கான விபத்துக் காப்பீடு’ கேளுங்கள். பெயர் ஏறியதா என்று அச்சிட்ட தாளில் பாருங்கள். அதில் தொகை சிறியது. அடிக்கடி ஓட்டுகிற பிள்ளைக்குத் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுப்பதையே நான் சொல்வேன். எந்த வண்டியில் போனாலும் அது கூடவே வரும். கார் பாலிசியின் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் பணம் தரும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும்.

சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள் 50 ரூபாய் கூடுதல் பிரீமியத்தில் அவருக்கான சட்டப் பொறுப்பை, அதாவது அவருக்கு அடிபட்டால் நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டை, பாலிசியில் சேர்த்துவிடுங்கள். இந்த ஐம்பது ரூபாயை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் காருக்குள் உட்கார்ந்து வரும் உறவினர்களுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் உண்டு.

கிளைம் பெரும்பாலும் சிக்குவது லைசென்ஸில். டூவீலர் லைசென்ஸை வைத்துக்கொண்டு கார் ஓட்டுவது, காலாவதியானதைக் கவனிக்காமல் விடுவது, எல்.எல்.ஆர். மட்டும் உள்ள பெண்ணை, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்காராமலும் எல் போர்டு ஒட்டாமலும் தனியே அனுப்புவது. அப்போது வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம். சாவி கொடுக்கும் முன் லைசென்ஸை வாங்கி, எல்.எம்.வி. (கார் போன்ற இலகுரக வண்டி) என்று இருக்கிறதா, எந்தத் தேதிவரை என்று பாருங்கள். சொந்தத் தம்பியானாலும் கேளுங்கள்.

பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் சாவி போனால் விஷயம் பாலிசியோடு நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்தும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.

உரிமையாளர் இறந்துவிட்டால், அவர் பெயரிலுள்ள பாலிசி இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது அதற்குள் முடிந்தால் அந்த நாள் வரை மட்டுமே செல்லும். துக்கத்தில் இது யாருக்கும் நினைவிருக்காது. அந்த மூன்று மாதத்துக்குள் இறப்புச் சான்றிதழ், ஆர்.சி., பழைய பாலிசியோடு கம்பெனிக்கு எழுதி வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் சேர்த்துவைத்த நோ கிளைம் போனஸும் (கிளைம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி), காரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளும் மனைவிக்கோ பிள்ளைக்கோ பெற்றோருக்கோ வரும். கேட்டு வாங்குங்கள்.