நாற்பதுக்கு எத்தனை?

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுப் பக்கம் டீக்கடையில் கொலைச் செய்தியைப் படித்தால் யாராவது சொல்லிவிடுவார்: "சரியான சைக்கோ சார் இவன்." ஒரே சொல்லுக்குள் இரண்டு பேரை அடைத்து வைத்திருக்கிறோம். காதில் யாரோ பேசுவதாக நம்பி அவதிப்படுபவர் ஒருவர். அது மனநோய், மருந்து உண்டு. இன்னொருவருக்குப் புத்தி தெளிவாகவே இருக்கும். சிரித்துப் பேசி நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்குவார். சைக்கோபதி என்பது இந்த இரண்டாமவரின் குணம்.

இதை அளக்கக் கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர் சிறைக்கைதிகளை ஆராய்ந்து ஒரு பட்டியல் செய்தார். 1991-ல் வெளியான திருத்திய வடிவத்தில் 20 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30 எடுத்தால் சைக்கோபத். பிரிட்டனில் பெரும்பாலும் 25 போதும். கடல் தாண்டினால் பாஸ் மார்க்கே மாறுகிறது!

கேள்வித்தாளைக் கைதியிடமே கொடுத்தால் என்ன? 'அடிக்கடி பொய் சொல்வேன்' என்ற வரிக்கு நேரே பொய்க்காரன் எதை டிக் அடிப்பான்? அதனால்தான் பயிற்சி பெற்றவர் மணிக்கணக்கில் பேசுகிறார், அப்புறம் கைதியின் வழக்குக் கோப்பைப் புரட்டுகிறார். கேப்பர் மலை மத்திய சிறையில் இது நடப்பதாக வைத்துக்கொள்வோம். "அம்மான்னா எனக்கு உசுரு சார்" என்று கண்கலங்குகிறார் ஒருவர். கோப்பின் முதல் தாளே அந்த அம்மா கொடுத்த புகார்: நகையைப் பிடுங்கி அடகு வைத்துவிட்டு, கேட்டதற்குக் கையை முறுக்கினானாம். வாய்க்கும் தாளுக்கும் நடுவே உள்ள இந்தத் தூரத்தில்தான் மார்க் விழுகிறது. அதுவும் ஒரு சம்பவத்துக்கு அல்ல. பள்ளி, வேலை, குடும்பம் என்று ஆயுசு முழுக்க அதே குணம் தெரிய வேண்டும். கோப்பே இல்லாமல் வெறும் பேச்சை நம்பி மார்க் போடக் கூடாது என்பது விதி.

பட்டியலை ஏறக்குறைய இரண்டு பாதியாகப் பார்க்கலாம். பதினைந்து வயதிலிருந்து திருடுபவர் அடாவடி வாழ்க்கைக்கான பாதியில் மார்க்கை அள்ளிவிடுவார். ஆனால் வாய்ஜாலம், தற்பெருமை, குற்ற உணர்வின்மை என்ற மறுபாதியில் தேறாவிட்டால் 30-ஐத் தொட முடியாது.

நம் ஊருக்குச் சில அம்சங்கள் அப்படியே பொருந்தாது என்பது என் எண்ணம். 'அடுத்தடுத்து குறுகிய காலத் திருமணங்கள்' என்று ஒன்று. உறவெல்லாம் கூடிக் கட்டி வைத்து, பிரியவும் விடாத கல்யாணத்தில் இதற்கு எப்படி மார்க் போடுவது?

மார்க் போடுபவரும் மனிதர்தானே. அமெரிக்காவில் 2013-ல் வெளியான ஒரு சோதனையில் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களுக்கு ஒரே கோப்புகளைக் கொடுத்தார்கள். சிலரிடம் வழக்கில் அரசுத் தரப்பு கேட்கிறது என்றும், மற்றவர்களிடம் கைதியின் தரப்பு கேட்கிறது என்றும் சொன்னார்கள். அரசுத் தரப்புக்காகப் பார்த்தவர்கள் போட்ட மார்க், சராசரியில் கூடுதலாக இருந்தது.