மெர்ஜ்: அடைவுகளை ஒன்றுசேர்த்தல்

லினக்ஸ் இயங்குதளத்தில் இரண்டு அடைவுகளை, அதாவது ‘ஃபோல்டர்’களை, ஒன்றாக்குவதை ‘மெர்ஜ்’ என்கிறோம். லத்தீனில் ‘மெர்கெரே’ என்றால் நீரில் அமிழ்த்துதல். சப்மெர்ஜ், எமர்ஜ் ஆகியவையும் அந்த வேரில் முளைத்தவையே. ஆங்கிலச் சட்ட வழக்கில், சிறிய சொத்துரிமை பெரிய உரிமைக்குள் அடங்கி மறைவதற்கும் இதே சொல்தான். ஆக, ஒன்று மற்றொன்றில் மூழ்கிப்போவது இதன் பழைய பொருள்.

தமிழில் ‘கலத்தல்’ இதற்கு நெருக்கமானது. கூடுதுறையில் காவிரியோடு கலந்த அப்புறம் பவானி என்ற பெயரே இல்லை. அடைவுகளில் நமக்கு வேண்டியது அதுவல்ல. ஒவ்வொரு கோப்பும் தன் உருவம் குலையாமல் இருக்க வேண்டும். ‘இணைத்தல்’ என்றும் எழுதுகிறார்கள். மின்னஞ்சல் இணைப்பு, வலை இணைப்பு என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். அதனால் ‘ஒன்றுசேர்த்தல்’ என்பதே என் தேர்வு. கலத்தலை, ஒரே கோப்பின் இரு வடிவங்களை வரி வரியாக ஒன்றாக்கும் ‘கிட்’ (Git) என்ற மென்பொருளின் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோப்பு என்ற சொல் கோத்தலிலிருந்து வந்தது. ‘ஃபைல்’ என்பதும் நூல் என்று பொருள்படும் லத்தீன் ‘ஃபீலும்’ வழியாக வந்ததே. இரு மொழிகளும் தாளை நூலில் கோத்துத்தான் பெயர் வைத்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

சரி, சேர்க்கும்போது வரும் ஆபத்து ‘ஓவர்ரைட்’, அதாவது மேலெழுதுதல். பல கேமராக்கள் 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். வேறு வேறு படங்களுக்கு ஒரே பெயர் அமைந்துவிடும். நகலெடுக்கும் ‘சிபி’ (cp) கட்டளை வழக்கமாக எதுவும் கேட்காமல் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். நகர்த்தும் ‘எம்வி’ (mv) கட்டளையோ, போய்ச்சேரும் இடத்தில் அதே பெயரில் காலியில்லாத அடைவு இருந்தால் நகர்த்த மறுத்துவிடும்.

சிபியோடு ‘-என்’ (-n) சேர்த்தால் ‘நோ கிளாபர்’. கிளாபர் என்பது அடித்து நொறுக்குவதைக் குறிக்கும் கொச்சைச் சொல். தமிழில் ‘மேலெழுதாதே’ போதும். ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் 1996-இல் வெளியிட்ட, கோப்புகளை நகலெடுக்கும் ‘ஆர்சிங்க்’ (rsync) கருவியில் இதற்கு ‘இக்னோர் எக்ஸிஸ்டிங்’ என்ற விருப்பம் உண்டு: இருப்பதை விட்டுவிடு. அங்கே ‘-என்’ என்றால் வேறு பொருள், வெறும் ஒத்திகை. ஒரு கோப்பும் நகராது. மூல அடைவின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால்தான் உள்ளே இருப்பவை மட்டும் போகும். மறந்தால் அடைவே இன்னொரு அடைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

‘மேலெழுதாதே’, ‘இருப்பதை விட்டுவிடு’ ஆகிய இரண்டு விருப்பங்களும் பெயரை மட்டுமே பார்க்கின்றன, உள்ளடக்கத்தை அல்ல. பெயர் மோதியதால் விடுபட்ட படம் மூல அடைவில் மட்டும்தான் இருக்கும். வேலை முடிந்தது என்று அந்த அடைவை அழித்தால் அந்தப் படமும் போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் சிபியின் ‘பேக்கப்’ விருப்பத்தில் ‘நம்பர்டு’ என்று கொடுங்கள். பழைய கோப்புக்கு எண்ணிட்ட பெயர் சூட்டி ஓரமாக வைத்துவிட்டு, புதியதை அதன் இடத்தில் வைக்கும்.