பூட்டி வைத்த லென்ஸ்

மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் என் மேசைக்கு ஒரே மாதிரியான லென்ஸ்கள் வரத் தொடங்கும். காரைக்குடியில் கேமரா பழுதுபார்க்கும் வேலையும், விசேஷ வீடுகளில் படம் எடுக்கும் வேலையுமாக இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் இதே காட்சிதான்.

சென்ற முறை தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய கேமராவைத் தோல் பையோடு மேசையில் வைத்தார்.

"நாலு தடவைகூட எடுக்கவில்லை, தம்பி. புதிதாகவே வைத்திருக்கிறேன். ஆனால் படம் புகை படிந்தது போல வருகிறது."

"எங்கே வைத்திருந்தீர்கள், ஐயா?"

"வீட்டின் இரண்டாம் கட்டு அறையில், தேக்கு பீரோவில். துணி சுற்றி, அந்துருண்டைகூடப் போட்டிருந்தேன்."

லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகச் செலுத்தி அவரையே பார்க்கச் சொன்னேன். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலைப் போல வெள்ளை இழைகள் கிளைவிட்டிருந்தன. "கீறலா?" என்று கேட்டார். கீறல் இல்லை, பூஞ்சை. அது உயிரோடு இருந்தது, வளர்ந்துகொண்டும் இருந்தது.

"நம் ஊர் வறண்ட பூமி ஆயிற்றே, இங்கே எப்படி?" இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. பூமி வறண்டதுதான். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் வாரங்களில் வீட்டுக்குள் இருக்கும் காற்று வறண்டதல்ல. நம் வீடுகளின் தடித்த சுவர்கள் வெயிலை உள்ளே விடுவதில்லை. அதே காரணத்தால், சன்னல் இல்லாத உள்ளறைகளில் ஏறிய ஈரமும் எளிதில் வெளியேறுவதில்லை. பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. உங்கள் லென்ஸுக்குள்ளும் ஏற்கெனவே இருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 60, 65 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நின்று, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் அவை முளைக்கும். கண்ணாடியில் பட்ட விரல் எண்ணெயும் படிந்த தூசியும் அவற்றுக்கு உணவு. தோல் பையும் அதன் உள்ளே இருக்கும் பஞ்சும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது.

இதில் நான் மிகவும் வருந்துவது ஒன்று உண்டு. பூஞ்சை வளரும்போது அமிலத்தைச் சுரக்கிறது. அது முதலில் லென்ஸின் மேற்பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். தொடக்கத்திலேயே கொண்டுவந்தால் பிரித்துத் துடைத்துக் கொடுத்துவிடலாம். அரித்த பிறகு பூஞ்சையைக் கொன்றாலும் தடம் போகாது. வெளிச்சத்தை நோக்கிப் படம் எடுக்கும்போதெல்லாம் அந்தத் தடம் மங்கலாக வந்து நிற்கும். கீழே விழுந்து உடைந்த லென்ஸைவிட, பத்திரமாக வைத்திருந்து பாழான லென்ஸைத் திருப்பிக் கொடுப்பதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

நகரத்தார் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். குடும்பம் சென்னையிலோ மலேசியாவிலோ இருந்தாலும், வாரம் ஒருமுறை கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, வளவில், அதாவது நடு முற்றத்தில், காற்றாட விடுவதற்கு ஆள் வைத்திருப்பார்கள். அப்படிச் செய்யாத வீட்டில் கறையான் ஏறிவிடும் என்று நமக்குத் தெரியும். லென்ஸுக்கும் அதே கவனிப்பு வேண்டும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, வளையங்களைத் திருப்பி, நாலு படம் எடுங்கள். செலவில்லாத மருந்து இது.

பையில் வைக்காமல், காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். கூடவே ஒரு சிறிய ஈரப்பதமானியும் இருக்கட்டும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அதில் 40 முதல் 50 வரை காட்டினால் நல்லது. 30க்குக் கீழே போகவிட வேண்டாம், மிகையான வறட்சியும் உள்ளே இருக்கும் மசகுக்கும் ரப்பருக்கும் ஆகாது. சிலிகா ஜெல்லில் நீல நிற மணிகள் வேண்டாம். அவற்றில் இருக்கும் கோபால்ட் குளோரைடு நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றதல்ல. ஆரஞ்சு நிற மணிகளை வாங்குங்கள். ஈரம் ஏறினால் அவை பச்சையாக மாறும். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மீண்டும் ஆரஞ்சுக்குத் திரும்பும். நான்கைந்து லென்ஸ்களுக்கு மேல் சேர்ந்துவிட்டால், உள்ளே ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கும், மின்சாரத்தில் இயங்கும் டிரை கேபினட் பெட்டி வாங்குவது வீண் செலவல்ல.

அரிசிப் பானைக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அரிசித் தூசி உள்ளே புகுந்தால் அதற்குத் தனி வைத்தியம் பார்க்க வேண்டும். மோர் மிளகாயைக் காயவைப்பது போல மொட்டை மாடி வெயிலில் லென்ஸைப் பரப்புபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். லென்ஸ் வெயிலைக் குவித்து அருகில் இருக்கும் துணியைப் பொசுக்கிவிடும். உள்ளே இருக்கும் மசகும் இளகி, ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் தகடுகளில் வழியும்.

கானாடுகாத்தான் பக்கம் பழைய மாளிகை விடுதிகளில் தங்கிப் படம் எடுக்க வருபவர்களுக்கும் ஒரு சொல். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியில் பனி போல நீர் படியும். உள்ளேயும் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

தூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் நின்றுகொண்டு லென்ஸை மாற்ற வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கேமராவை அணைத்துவிட்டு, லென்ஸ் பொருந்தும் அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டி மாற்றுங்கள். தூசி விழுந்ததா என்று அறிய, அப்பர்ச்சர் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி வெறும் வானத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியும் வேட்டி நுனியும் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் பக்கமே போகக்கூடாது.

"அடுத்து எந்த கேமரா வாங்கலாம், அண்ணே?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் வீடுகளைப் படம் எடுப்பதுதான் ஆசை என்றால், இருக்கும் கேமராவே போதும் என்பேன். அந்தப் பணத்தில் அகன்ற துளையுள்ள எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் உறுதியான முக்காலி ஒன்றும் வாங்குங்கள். வளவின் நடுவே வெயில் கொட்டும், சுற்றுப்பத்தியில் கறுத்த தேக்குத் தூண்கள் நிழலில் நிற்கும். இரண்டையும் ஒரே படத்தில் உச்சிவேளையில் பிடிக்க எந்த கேமராவும் திணறும். காலை எட்டு மணிக்குள் போங்கள், அல்லது மாலை வெயில் சாய்ந்த பிறகு போங்கள். வெளிச்சமான பகுதி வெளுத்துப் போகாதபடி ஒளியளவைக் குறைத்து, கேமரா சுருக்கித் திருத்தாத ரா கோப்பாக எடுங்கள். நிழலைப் பிறகு கணினியில் ஓரளவு மீட்கலாம், வெளுத்ததை மீட்க முடியாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பிளாஷ் அடித்தால் பூ வேலைப்பாடு மறைந்து வெள்ளைத் திட்டு மட்டும் மிஞ்சும். பிளாஷை அணைத்து, போலரைசர் ஃபில்டரை மெல்லத் திருப்புங்கள். பளபளப்பு விலகி, சிமென்ட்டில் கையால் ஊற்றிய நிறங்கள் அப்படியே எழுந்து வருவதைக் காண்பீர்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது சலிப்பதில்லை.

வெள்ளை எது என்று கேமராவுக்குச் சொல்லும் வெள்ளைச் சமநிலைக்கு, பக்கத்தில் நிற்பவரின் வேட்டியைக் காட்டுவது நம் பக்கத்து வழக்கம். சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி வெள்ளையல்ல. அதை வெள்ளை என்று கேமரா நம்பினால் முகங்கள் மஞ்சள் பூத்துவிடும். வேட்டிக்குப் பதிலாகக் காட்ட, சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெமரி கார்டைப் பற்றிச் சொல்லும்போது என் தவற்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சாந்தி கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, படம் எடுத்தேன். கணினிக்கு மாற்றிவிட்டதாக நினைத்து கார்டை ஃபார்மேட் செய்து, மறுநாள் வேறொரு விசேஷத்துக்கு அதிலேயே எடுத்தேன். பாதிப் படங்கள்தான் மாறியிருந்தன. பேரன் பேத்திகள் வரிசையாக நின்று பெரியவர்கள் தலையில் கலச நீர் ஊற்றிய படங்கள் முழுவதும் போயின. அந்த வீட்டு ஆச்சி ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. "பரவாயில்லை, தம்பி" என்றார். இன்றும் அந்தத் தெரு வழியே போகும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அன்று முதல், இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் படங்களைத் திறந்து பார்த்துச் சரி என்று உறுதி செய்யும்வரை எந்தக் கார்டையும் நான் ஃபார்மேட் செய்வதில்லை. இரண்டில் ஒன்று வேறு வீட்டில் இருக்கும். நீங்களும் தவறி அழித்துவிட்டால், அந்த நொடியே கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். அழித்த படம் உடனே மறைந்துவிடுவதில்லை, அதன்மேல் புதிய படம் எழுதப்படும்போதுதான் போகிறது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் எத்தனையோ பேருக்குப் படங்களை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். புதிதாக எதையும் எடுக்காமல் வந்தவர்களுக்கே பெரும்பாலும் முழுதாகக் கிடைத்தன. கார்டைக் குறைந்த விலைக்கு வாங்காதீர்கள். போலியானவற்றில் 128 ஜிபி என்று மேலே அச்சிட்டிருக்கும், உள்ளே அதில் கால் பங்குகூட இருக்காது. நிரம்பிய பிறகு எடுத்த படங்கள் திறக்காதபோதுதான் தெரியவரும். வாங்கிய அன்றே முழுவதும் நிரப்பி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

அந்தத் தேவகோட்டை ஆசிரியரின் லென்ஸைப் பிரித்துத் துடைத்தேன். ஓரத்தில் சிறிது அரித்திருந்தது, அது அப்படியே இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். மாசியில் மறுபடி வந்தார். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டப்பாவைத் திறந்தபோது ஈரப்பதமானி காட்டிய எண்ணை எழுதியிருந்தார்: 58, 52, 47, 46. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அன்று எடுத்த படம் எது என்ற குறிப்பு. முதல் வாரம் நிலைக்கதவில் செதுக்கிய கஜலட்சுமி. இரண்டாம் வாரம் முகப்புத் திண்ணையில் தூங்கும் பூனை.